தர்மபுரி பெயரில் வந்தது, ஓசூரில் இறங்கியது

கேள்வி: "தமிழ்நாடு முன்னேறிய மாநிலம், நம் வரிப்பணத்தில்தான் பீகார் ஓடுகிறது என்கிறார்கள். அப்படியென்றால் அதே தமிழ்நாட்டில் இருக்கும் தர்மபுரி ஏன் இப்படிக் கிடக்கிறது? ஓசூர் எங்கேயோ போய்விட்டது, எங்கள் பென்னாகரம் அப்படியே இருக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்தால் சரியாகிவிடுமா?" பெங்களூருவில் வேலை பார்க்கும் பென்னாகரத்துத் தம்பி ஒருவர் கேட்டது.

பதில்:

மூன்று கேள்வியை ஒரே மூச்சில் கேட்டுவிட்டீர்கள் தம்பி. மூன்றுக்கும் வேர் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் கணக்கு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 சதவீதம். முதலிடம் கன்னியாகுமரி, 91.75. கடைசி இடம் நம் தர்மபுரி, 68.54. அதே கணக்கெடுப்பில் உத்தரப்பிரதேசம் 67.68, பீகார் 61.80. கன்னியாகுமரிக்கும் நமக்கும் நடுவே 23 புள்ளி. நமக்கும் பீகாருக்கும் நடுவே 7 புள்ளிகூட இல்லை. அடுத்த கணக்கெடுப்பு 2027இல்தான் என்பதால் இந்தப் பழைய எண்களை வைத்தே பேச வேண்டியிருக்கிறது. இன்று நிலைமை தேறியிருக்கும். ஆனால் 2011இல் இருபது, முப்பது வயதில் இருந்தவர்கள்தான் இன்று குடும்பம் நடத்துகிறவர்கள், வேலைக்குப் போகிறவர்கள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்ட பள்ளம் இன்றைக்குச் சம்பளத்தில் தெரியும்.

மாநிலங்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வையும் குறைத்துச் சொல்லவில்லை. பிரதமரின் பொருளாதார ஆலோசனைக் குழு 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2023-24இல் பீகாரின் தனிநபர் வருமானம் தேசிய சராசரியில் 32.8 சதவீதம். தமிழ்நாட்டினுடையது 171 சதவீதம். தென்னக மாநிலங்கள் ஐந்தும் சேர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 30 சதவீதம் கொடுக்கின்றன. 1991க்கு முன்பு தெற்கு அப்படியொன்றும் தனித்து நிற்கவில்லை என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. "வடக்கு வாழ்கிறது, தெற்கு தேய்கிறது" என்று திமுக மேடைகளில் முழங்கிய காலம் ஒன்று இருந்தது. ஒருவர் ஆயுளுக்குள் அந்த வாசகம் தலைகீழானது. மேற்கு வங்கத்தைப் பாருங்கள்: 1960-61இல் தேசிய சராசரியைவிட நான்கில் ஒரு பங்குக்கும் மேல் அதிகமாக இருந்த மாநிலம், இன்று சராசரிக்குக் கீழே 83.7இல் நிற்கிறது. ஆகவே வளமும் வறுமையும் மண்ணோடு பிறந்தவை என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

அப்படியானால் எது தீர்மானிக்கிறது? ஓசூர் கதையைச் சொன்னால் பாதி புரிந்துவிடும்.

சேலம் மாவட்டத்தைப் பிரித்து தர்மபுரி மாவட்டத்தை உருவாக்கியது 1965 அக்டோபர் 2. ஓசூர், கிருஷ்ணகிரி, தேன்கனிக்கோட்டை எல்லாம் அன்று தர்மபுரி மாவட்டம்தான். மானாவாரி ராகி, சாமை, கொள்ளு, கல்லாங்காடு, மலை ஓரத்தில் காடு. நாடு முழுவதும் தொழிலில் பின்தங்கிய மாவட்டங்களைப் பட்டியலிட்டு, அங்கே ஆலை வைப்பவருக்கு ஒன்றிய அரசு முதலீட்டு மானியம் கொடுத்த காலம் அது. முதலில் 10 சதவீதம், 1973இல் 15 சதவீதம். தர்மபுரி மாவட்டம் அந்தப் பட்டியலில் இருந்தது. மாநில அரசின் சிப்காட் 1970களில் ஓசூரில் தொழிற்பேட்டை அமைத்தது. 1980ஐ ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ்ஸும் வந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மாநில அரசு நிறுவனமான டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்துவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. மானியம் தர்மபுரி மாவட்டத்துக்கு. ஆலை வந்தது மாவட்டத்தின் வடமேற்கு மூலைக்கு. மாவட்டத் தலைநகரிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர், பெங்களூருவிலிருந்து 40தான். முதலாளி மானியத்தைப் பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுத்தார். பெங்களூருவைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுத்தார். அதில் தப்பு சொல்ல முடியாது. எச்.ஏ.எல்., எச்.எம்.டி., பி.இ.எல். என்று பொதுத்துறை ஆலைகள் 1940களிலிருந்தே பெங்களூருவில் வளர்த்துவிட்டிருந்த லேத் பட்டறைகளும், டர்னர் ஃபிட்டர்களும், உதிரிபாகம் செய்யும் சின்ன யூனிட்டுகளும் அவருக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தன. மேலாளர் குடும்பத்தோடு பெங்களூருவில் இருந்துகொண்டு காலையில் காரில் வந்துவிடலாம். பின்தங்கிய மாவட்டத்துக்கான சலுகையோடு பெருநகரத்து வசதியும் ஒரே இடத்தில் கிடைத்தால் யார்தான் அதே மாவட்டத்தின் மறுகோடியில் இருக்கும் அரூருக்குப் போவார்கள்?

இதுதான் என் பதிலின் சாரம். ஒரு பகுதியின் பெயரில் சலுகை கொடுத்தால், அது அந்தப் பகுதியிலேயே வசதியான மூலையைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். பிறகு அந்த மூலையின் கணக்கு மொத்தப் பகுதியின் சராசரியை ஏற்றிக் காட்டும். சராசரி ஏறியதும், "இங்கேதான் முன்னேறிவிட்டதே" என்று கையை விரிப்பார்கள்.

சராசரியை எந்தக் கணக்கில் போடுகிறோம் என்பதும் முக்கியம். 2003இல் மாநிலத் திட்டக்குழு தமிழ்நாட்டின் மனித மேம்பாட்டு அறிக்கையை வெளியிட்டது. வருமானத்தோடு படிப்பு, ஆயுள் மூன்றையும் சேர்த்து மாவட்டங்களை வரிசைப்படுத்தினார்கள். கடைசி இடம் தர்மபுரி. அப்போது மாவட்டம் பிரியவில்லை, ஓசூர் உள்ளேதான் இருந்தது. லாரியும் பைக்கும் கைக்கடிகாரமும் செய்து நாடெங்கும் அனுப்பிக்கொண்டிருந்த ஊரைத் தனக்குள் வைத்துக்கொண்டே அந்த மாவட்டம் கடைசியில் நின்றது. ஓர் ஆலையின் உற்பத்தி மதிப்பு அது நிற்கும் மாவட்டத்துக் கணக்கில் ஏறும். லாபம் சென்னைக்கோ மும்பைக்கோ போகும். அதிகாரியின் சம்பளம் பெங்களூருவில் செலவாகும். மாவட்டத்தில் தங்குவது தொழிலாளியின் கூலி, நிலம் விற்ற காசு, டீக்கடை, வாடகை வீடு. அதுவும் ஓசூரைச் சுற்றி மட்டும்.

2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது. ஓசூர் அந்தப் பக்கம் போனது. தர்மபுரிக்காரர்களில் பலருக்கு இன்றைக்கும் அந்த வருத்தம் உண்டு, "வருமானத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வறட்சியை வைத்துக்கொண்டோம்" என்பார்கள். எனக்கு அந்த வருத்தம் அவ்வளவாக இல்லை. பிரிந்த பிறகுதான் தர்மபுரியின் உண்மை எண் வெளியே தெரிந்தது. கிருஷ்ணகிரிக்குள்ளே இப்போது அதே கதை ஓடுகிறது. ஓசூர் 2019இல் மாநகராட்சி ஆனது. அதே மாவட்டத்து அஞ்செட்டி மலைக் கிராமங்களில் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி போவதும், எட்டாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளையைப் படிக்க அனுப்புவதும் இன்னும் பாடுதான். சின்ன வயதுக் கல்யாணம் இன்னும் நிற்கவில்லை. மாவட்ட எழுத்தறிவு 71.46, நம்மைவிட மூன்று புள்ளிதான் கூட. அத்தனை தொழிற்சாலைக்கும் மூன்று புள்ளி.

ஜெஃப்ரி வில்லியம்சன் என்ற பொருளாதார அறிஞர், நாடு வளரத் தொடங்கும்போது பகுதிகளுக்கிடையே இடைவெளி கூடும், நன்றாக வளர்ந்த பிறகு தானாகக் குறையும் என்றொரு கருத்தை முன்வைத்தார். அவர் அதைச் சொன்னதும் நம் மாவட்டம் பிறந்த 1965இல்தான். அறுபது வருஷமாகக் காத்திருக்கிறோம். கேலிக்குச் சொல்லவில்லை, பரவல் என்பது நடக்கத்தான் செய்கிறது: ஓசூரில் நிலம் விலை ஏற ஏற ஆலைகள் நெடுஞ்சாலையோடு கீழே இறங்கி சூளகிரி, குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி என்று வந்திருக்கின்றன. 2021இல் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலை வந்தது போச்சம்பள்ளி பக்கம்; அங்கிருந்து தர்மபுரி எல்லை கிட்டத்தில்தான். ஆனால் அந்தத் தூரம் நகர நாற்பது வருஷம் ஆகியிருக்கிறது. இடையில் இரண்டு தலைமுறை வேலை தேடி ஊரை விட்டுப் போய்விட்டது.

இனி பீகாருக்கு வருவோம். இங்கேதான் நம் ஆட்கள் பலரும் மறந்துவிடுகிற ஒரு விஷயம் இருக்கிறது. 1950களிலிருந்து 1992 வரை இந்தியாவில் இரும்புக்கும் உருக்குக்கும் சரக்குக் கட்டணச் சமநிலைக் கொள்கை இருந்தது. ஜாம்ஷெட்பூரில் உருகும் எஃகு, ஆலை வாசலில் என்ன விலையோ ஏறத்தாழ அதே விலைக்குச் சென்னையிலும் ஓசூரிலும் கிடைக்க வேண்டும். ரயில் வாடகையை எல்லாருக்குமாகப் பங்கிட்டுவிடுவார்கள். நாடு முழுக்கத் தொழில் பரவட்டும் என்ற நல்ல எண்ணம்தான். விளைவு என்ன? சுரங்கத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பீகாருக்கும் (அப்போது ஜார்க்கண்டும் அதில்தான்), ஒடிசாவுக்கும், வங்கத்துக்கும் இயல்பாகக் கிடைத்திருக்க வேண்டிய ஒரே அனுகூலம் போய்விட்டது. பருத்திக்கு அப்படி எந்தச் சமநிலையும் கிடையாது; நிலக்கரிச் சுரங்கத்து ஊரில் துணி ஆலை வைக்க நினைத்தவனுக்குப் பஞ்சு மட்டும் முழு வாடகை கொடுத்துத்தான் வந்தது. லாரியின் சேசிஸ் சட்டகம் அடிக்க எஃகு வேண்டும், பைக் டேங்குக்கு எஃகு வேண்டும். ஓசூர் வளர்ந்ததற்கு நம் மானியமும் பெங்களூருவும் காரணம் என்றேன். இரும்பும் நிலக்கரியும் கிடக்கும் ஜார்க்கண்டின் சோட்டா நாக்பூர் விட்டுக்கொடுத்ததும் ஒரு காரணம். பீகார் பின்தங்கியதற்கு இது ஒன்றே காரணம் என்று சொல்பவர்களும் உண்டு, அது மிகை. ஜமீன்தாரி நில முறை விட்டுச்சென்ற கேடு, பள்ளி ஆஸ்பத்திரியில் அரசுகள் காட்டிய அலட்சியம், சட்டம் ஒழுங்கு எல்லாம் கணக்கில் உண்டு. (நில முறை என்றதும் ஒன்று: அரசுக்கும் உழவனுக்கும் நேரடித் தொடர்பு வைத்த ரயத்துவாரி முறையை அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் 1792க்குப் பிறகு சோதித்துப் பார்த்தது பாராமகால் என்று அன்று அழைக்கப்பட்ட நம் பகுதியில்தான். அந்த விஷயத்தில் நாம் பீகாரைவிட நல்ல இடத்தில் தொடங்கினோம்.)

இன்னொரு வழியிலும் பணம் போகிறது. வங்கியில் மக்கள் போட்ட நூறு ரூபாய்க்கு அந்த மாநிலத்திலேயே எவ்வளவு கடன் கொடுக்கப்பட்டது என்று ஒரு விகிதம் பார்ப்பார்கள். தமிழ்நாட்டில் அது நூறைத் தாண்டும். பீகாரில் பல ஆண்டுகளாக ஏறத்தாழ பாதிதான். பாட்னாவில் பாத்திரக்கடைக்காரர் போட்ட டெபாசிட் இங்கே வந்து கடனாகிறது என்று அர்த்தம். யார் வரியில் யார் ஓடுகிறார் என்று பேசுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் புரட்ட வேண்டும்.

அதற்காக, ஒன்றிய வரியில் மாநிலங்களுக்குப் பங்கு பிரிக்கும் நிதிக்குழுவின் பங்கீட்டில் தமிழ்நாட்டின் மனத்தாங்கல் பொய் என்று சொல்லமாட்டேன். பகிர்ந்தளிக்கும் வரியில் நம் பங்கு 13ஆவது நிதிக்குழுவில் 4.969 சதவீதம், 14இல் 4.023, 15இல் 4.079. 2011இல் நாட்டு மக்கள்தொகையில் நாம் ஏறத்தாழ 6 சதவீதம். 15ஆவது குழு மாநிலங்களுக்குள் பங்கு பிரிக்க வைத்த அளவுகோலில் 45 சதவீத எடை, பணக்கார மாநிலத்திலிருந்து வருமானத்தில் எவ்வளவு தள்ளி இருக்கிறாய் என்பதற்கு. வருமானத்தில் முன்னேறி, குடும்பக் கட்டுப்பாட்டையும் ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்கு அது கைக்குக் கிடைத்த தண்டனை மாதிரி இருக்கிறது என்ற வாதத்தில் நியாயம் உண்டு. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: "நான் ஈட்டியது எனக்கே" என்று சென்னை பீகாரிடம் சொல்லலாம் என்றால், அதே வாதத்தை ஓசூர் பென்னாகரத்திடம் சொல்லலாம், கோயம்புத்தூர் அரூரிடம் சொல்லலாம். தர்மபுரிக்கு 2008இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது தர்மபுரி கட்டிய வரியிலா? தர்மபுரிக்காரனுக்கு அந்த வாதம் கட்டுப்படியாகாது. கேட்க வேண்டியது வேறு: இங்கிருந்து போகிற பணம் அங்கே பள்ளிக்கூடமாக மாறுகிறதா, சென்னைக்கு வந்த பணம் அஞ்செட்டி வரை போகிறதா என்பதுதான்.

ஓசூர் இன்றைக்கு இந்த இரண்டு ஏற்றத்தாழ்வும் நேருக்கு நேர் சந்திக்கிற இடமாகியிருக்கிறது. 2022 நவம்பரில் ஒன்றிய அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ், ஓசூர் பக்கத்து ஐபோன் ஆலையில் ராஞ்சி, ஹசாரிபாக் பகுதிப் பழங்குடிப் பெண்கள் 6,000 பேர் பயிற்சி பெற்றிருப்பதாகச் சொன்னார். உள்ளூர்க்காரர்களுக்கு வேலை இல்லையா என்று இங்கே ஒரு சலசலப்பு எழுந்தது. இரும்பும் நிலக்கரியும் இருக்கும் ஊர்ப் பெண், இரும்பு இல்லாத ஊருக்கு வந்து உலோகப் பாகத்தைப் பளபளப்பாக்குகிறாள். அவள் தங்குவது நிறுவனத்து ஹாஸ்டலில். நம் சித்தேரி மலைப் பெண்ணுக்கும் அந்த வேலை எட்டாத உயரமில்லை, பிளஸ் டூவோ ஐடிஐயோ முடித்திருந்தால் போதும். ஆனால் அந்தப் பன்னிரண்டாம் வகுப்பை முடிக்க அவளுக்கு ஹாஸ்டல் வேண்டும், அல்லது காலை ஏழரைக்கு ஒரு பஸ் வேண்டும். இந்த இடத்தில் பொருளாதாரம் என்பது ஒரு டவுன் பஸ்ஸின் டைம்டேபிள்.

வறட்சிதான் காரணம் என்று உள்ளூரில் சொல்லும் சமாதானத்தையும் பார்த்துவிடலாம். தர்மபுரியில் சராசரி மழை ஆண்டுக்கு 850 மில்லிமீட்டர் சுற்றி. திருப்பூரும் நாமக்கல்லும் இதைவிட வறண்ட மண். அங்கே பின்னலாடை வந்தது, கோழிப்பண்ணை வந்தது, திருச்செங்கோட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு இந்தியா முழுக்கப் போனார். என்ன வித்தியாசம்? அங்கே கிணற்றுப் பாசனத்தில் பருத்தி போட்டுக் காசு பார்த்த விவசாயி, பங்காளிகளோடு பணம் திரட்டித் தறியும் லாரியும் வாங்கினார். தொழில் ஊருக்குள்ளிருந்து முளைத்தது. நமக்கு அப்படித் திரட்ட மிச்சமே இருந்ததில்லை. ஓசூரில் தொழில் வெளியிலிருந்து வந்து நடப்பட்டது. முளைத்த தொழில் பக்கத்து ஊருக்குப் பரவுகிறது. நட்ட தொழில் காம்பவுண்டு சுவருக்குள் நிற்கிறது. இது முழு உண்மை இல்லை, ஓசூரிலும் உதிரிபாகம் செய்யும் உள்ளூர் முதலாளிகள் உருவாகியிருக்கிறார்கள். இருந்தாலும் பெரும்படியான வித்தியாசம் இதுதான்.

தண்ணீரில் வேறு ஒரு கொடுமை இருக்கிறது. காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைவது நம் பக்கம்தான். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்ன 177.25 டி.எம்.சி.யையும் பிலிகுண்டுலுவில்தான் அளக்கிறார்கள். ஒகேனக்கல்லில் அருவியாகக் கொட்டி, 1934இல் கட்டி முடித்த மேட்டூர் அணைக்குப் போய், தஞ்சாவூர் வரை பாசனம் செய்கிறது. நம் நிலம் ஆற்றைவிட மேட்டில். ஆகவே ஆறு ஓடும் மாவட்டத்தில் விவசாயி எண்ணூறு, ஆயிரம் அடிக்குப் போர் போட்டார். ஆழம் போகப் போகப் பாறையில் இருந்த ஃபுளோரைடு தண்ணீரில் வந்தது. குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. பல கிராமங்களில் அதைத் தாண்டியது. பென்னாகரம், பாலக்கோடு பக்கம் நாற்பது வயதைக் கடந்தவர்கள் சிரிக்கும்போது பாருங்கள், பல்லில் குறுக்காகப் பழுப்புக் கோடு விழுந்திருக்கும். மூட்டு மடங்காமல் நடப்பவர்களும் உண்டு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் கடனோடு 1,928 கோடி ரூபாயில் முடிந்து 2013இல் திறக்கப்பட்டது. நாற்பது வருஷம் முன்னால் அது வந்திருந்தால் எத்தனை பேர் கூலி வேலைக்கு நல்ல முழங்காலோடு போயிருப்பார்கள் என்ற கணக்கை எந்தப் புள்ளிவிவரத் துறையும் போடாது. காவிரி உபரிநீரை நம் ஏரிகளுக்கு ஏற்ற வேண்டும் என்ற கோரிக்கை இன்னும் கோரிக்கையாகவே நிற்கிறது.

சரி, விளைவதையாவது விற்க முடிகிறதா? பாலக்கோடு தக்காளி மண்டிக்கு விடிகாலையில் போய்ப் பாருங்கள். ராத்திரியே பறித்துப் பெட்டியில் அடுக்கி மினி டெம்போவில் ஏற்றி வருவார்கள். விலை அங்கே தீர்மானமாவதில்லை. கோலாரிலும் மதனப்பள்ளியிலும் எவ்வளவு வரத்து என்று கமிஷன் மண்டிக்காரர் போனில் கேட்டுவிட்டுத்தான் வாய் திறப்பார். அங்கே வரத்து அதிகம் என்றால் இங்கே பறிகூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டாது; அப்போதுதான் சாலை ஓரத்தில் கொட்டிவிட்டுப் போகிற படம் பேப்பரில் வரும். கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு மாங்கூழ் ஆலைகள் உண்டு, ஆனால் பெங்களூரா ரகத்தின் விலையை வைப்பது அந்த ஆலைகள்தான். 2025 பருவத்தில் விலை சரிந்து, சந்தையில் தலையிடும்படி மாநில அரசு ஒன்றிய அரசுக்கு எழுத வேண்டியதாயிற்று. மரவள்ளிக் கிழங்கு சேலத்துச் சேகோ ஆலைகளுக்குப் போகிறது. மூலப்பொருளை அனுப்பிவிட்டுக் கூலியை மட்டும் வைத்துக்கொள்கிற மாவட்டம் இது. ஜார்க்கண்டைப் பற்றிச் சொன்னதை இங்கே ஒரு தடவை பொருத்திப் பாருங்கள்.

விவசாயம் கைவிட்டவர்கள் எங்கே போகிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், நீங்களே பெங்களூருவில் இருக்கிறீர்கள். கட்டட வேலைக்குப் போகும் கொத்தனாரும் சித்தாளும் மேஸ்திரி பின்னால் அங்கே. பனியன் கம்பெனிக்குத் திருப்பூர். இன்னும் சிலர் கேரளம். மலைக்கிராமத்து இளைஞர்கள் சிலர் செம்மரம் வெட்ட அழைத்துப்போகப்பட்டார்கள். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரில் தர்மபுரி மாவட்டத்தவர்களும் இருந்தார்கள். வளர்ச்சி குறைந்த பகுதி என்பதன் கடைசிப் பொருள் அந்த அளவுக்குப் போகும்.

இதையெல்லாம் அரசாங்கம் பார்க்கவில்லையா? பார்க்கிறது, பட்டியல் போடுகிறது. 2018இல் ஒன்றிய அரசு நாடு முழுக்க வளர விழையும் மாவட்டங்கள் என்று தேர்ந்தெடுத்தபோது தமிழ்நாட்டிலிருந்து எடுத்தது ராமநாதபுரமும் விருதுநகரும். எழுத்தறிவில் கடைசி மாவட்டம் பட்டியலில் இல்லை. அதற்கு முன் 2006-07இல் வந்த பின்தங்கிய பகுதிகளுக்கான மானிய நிதியிலும் தர்மபுரி இல்லை. எனக்கு இதைவிட உருப்படியாகப் பட்டது பக்கத்து மாநிலத்துக்காரர்கள் செய்தது. கர்நாடகத்தில் நஞ்சுண்டப்பா குழு 2002இல் தாலுகா தாலுகாவாக அளந்து, 175 தாலுகாவில் 114 பின்தங்கியவை, அவற்றில் 39 மிகமிகப் பின்தங்கியவை என்று பெயர் சொல்லி வைத்தது. சிபாரிசு எல்லாம் நிறைவேறிற்றா என்றால் இல்லை. கல்யாண கர்நாடகம் என்கிற அதன் வடகிழக்குப் பகுதி இன்னும் குறையோடுதான் இருக்கிறது. ஆனாலும் அளவுகோல் சரி. மாவட்டம் என்று அளந்தால் ஓசூர் அஞ்செட்டியை மறைக்கும். தாலுகா என்று அளந்தால் மறைக்க முடியாது. தமிழ்நாட்டிலும் மாநிலச் சமச்சீர் வளர்ச்சி நிதி என்று பின்தங்கிய ஊராட்சி ஒன்றியங்களைப் பார்த்துக் கொடுக்கும் திட்டம் உண்டு. தொகைதான் தேவைக்குக் காணாது.

கடைசியாகச் சிப்காட். தர்மபுரிக்குப் பக்கத்தில் தடங்கம், அதகப்பாடி வட்டாரத்தில் வரும் வரும் என்று வெகுகாலமாகப் பேச்சு. வரட்டும், நான் எதிர்க்கவில்லை. ஆனால் ஓசூருக்கு வேலை செய்த காரணம் இங்கே இல்லை: பெங்களூரு 40 கிலோமீட்டரில் இல்லை. ஓசூரின் இழுவிசை இன்னும் கூடிக்கொண்டும் இருக்கிறது. 2024 ஜூனில் முதலமைச்சர் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம் என்று அறிவித்தார். பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை இன்னொன்று கூடாது என்று ஒரு சரத்து இருப்பது தடை. அது தளர்ந்தால் முதலீட்டாளர் பார்வை இன்னும் வடக்கே போகும். தர்மபுரிச் சிப்காட்டுக்கு லேத் பட்டறைகள் வராது. இங்கே விளையும் தக்காளியையும் மாங்காயையும் மரவள்ளியையும் பட்டுக்கூட்டையும் எடுத்து ஏதாவது செய்கிற ஆலை வந்தால் மட்டும் மண்டிக்காரர் கோலாருக்குப் போன் போடாமல் விலை சொல்ல முடியும். மொபைல் அசெம்பிளி மட்டும் வந்தால் அது இன்னொரு காம்பவுண்டு சுவர். பெண்பிள்ளைகளுக்கு ஹாஸ்டலும் பென்னாகரத்து ஐடிஐக்குப் புது மெஷின்களும் ஆலைக்கு முன்னால் வர வேண்டும். ஆலை திறந்த பிறகு ஆள் தேடினால் ராஞ்சியிலிருந்துதான் அழைத்து வருவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

ரயிலை விட்டுவிட்டேன். கிருஷ்ணகிரி மாவட்டத் தலைநகரில் இன்றைக்கும் ரயில் நிலையம் கிடையாது. தர்மபுரி சேலம் பெங்களூரு பாதையில் இருக்கிறது, ஆனால் சென்னைப் பாதையில் இருக்கும் மொரப்பூரோடு இணைப்பு இல்லை. 1906இல் அங்கே குறும்பாதை போட்டு 1941இல் மூடிவிட்டார்கள். மறுபடி அந்த 36 கிலோமீட்டருக்கு 2019இல் அடிக்கல் நாட்டி, நிலம் எடுப்பதிலேயே வருஷங்கள் கரைந்தன. சிப்காட் எப்போது என்று கேட்பவர்களிடம் நான் மொரப்பூர் லைன் எதுவரை வந்திருக்கிறது என்று திருப்பிக் கேட்பேன். சென்னைத் துறைமுகத்துக்குச் சரக்கு அனுப்ப நினைக்கிற எந்த முதலாளியும் முதலில் அதைத்தான் கேட்பார்.